ஷம்சாத்தின் சத்தமில்லாத கம்ப்யூட்டர்

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பதினாறு வருஷம் கம்ப்யூட்டர் கடை நடத்தினேன். வந்து போனவர்களின் முகங்கள் பாதி மறந்துவிட்டன. ஷம்சாத் மட்டும் மறக்கவில்லை. மறக்கக்கூடாததற்குக் காரணம் ஒன்று எனக்கு இருக்கிறது.

அவள் கூத்தாநல்லூர்க்காரி. கணவர் ஜாஃபர் சாதிக் நீடாமங்கலத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டாயிரத்தில் சவூதிக்குப் போனார். அவர் போன பிறகு மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை பொய்த்தது, மில்லைப் பூட்டிவிட்டார்கள். திரும்பி வந்தால் ஏறி உட்கார ஒரு லாரிகூட இங்கே இல்லை என்று ஆகிவிட்டது. அங்கே ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லியிருந்தார். ஏசி ரூம், நோட்டு, பேனா. வெயிலில் நெல் மூட்டையோடு அலைந்த மனுஷனுக்கு நிழலில் வேலை கிடைத்ததில் ஷம்சாத்துக்குப் பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

2002 டிசம்பரில், ஆறு வயது மகள் அஃப்ரீனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைப் படி ஏறி வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்தவள். ஐ.எஸ்.டி. பூத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது கணவனோடு என்ன பேச முடியும்? அங்கே ஜாஃபரோடு ஒரே ரூமில் தங்கியிருந்த சேக் தாவூது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அவனும் கூத்தாநல்லூர்தான். இன்டர்நெட் வழியாக வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட பாகங்களை வைத்துச் சல்லிசாக ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தாள்.

"அண்ணே, மாவு மில்லுலேருந்து பேசுறியான்னு கேக்குறாரு."

நான் சிரித்துவிட்டேன். "கம்ப்யூட்டர்னா சத்தம் இருக்கத்தாம்மா செய்யும்."

"ஏன் இருக்கணும்?"

இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே சூடு ஏறும், அதைத் தள்ள ஃபேன் சுற்றும், சுற்றினால் சத்தம் வரும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப மெதுவா சுத்துனா?"

"சத்தம் கம்மியா வரும். சூடு கூடும்."

"எவ்வளவு சூடு வரைக்கும் தாங்கும்?"

அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன். ஃபேனுக்கு வரும் மஞ்சள் வயருக்குப் பதில் சிவப்பு வயரில் இணைத்தால் பாதிக்கும் குறைவான கரண்டில் சுற்றும் என்பது வரைதான் நான் சொன்னது. மிச்சமெல்லாம் அவளாகக் கண்டுபிடித்தது.

ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதன் அதிர்வு தகரத்தில் ஏறித்தான் பெட்டி முழுக்க உறுமுகிறது என்று கையை வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பஞ்சர் கடையிலிருந்து பழைய சைக்கிள் ட்யூப் வாங்கி, பட்டை பட்டையாக வெட்டி, டிஸ்க்கை அதில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டாள். கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரிடம் எரிந்துபோன ஆம்பிளிஃபயர் ஒன்று கிடந்தது. அதன் அலுமினியத் தகட்டை அறுத்து வாங்கி, பிராசசர் தலையில் உட்கார வைத்துவிட்டு, அங்கிருந்த சின்ன ஃபேனைக் கழற்றி எறிந்தாள். பெட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினாள். பிராசசர் வேகத்தையும் ஒரு படி குறைத்தாள். பேசுவதற்கு அவ்வளவு வேகம் எதற்கு என்பது அவள் வாதம். சூடு பார்க்க அவளிடம் கருவி எதுவும் கிடையாது. தகட்டில் விரலை வைத்துப் பத்து எண்ணுவாள். பத்து வரை விரல் தாங்கினால் சரி. ஏழில் எடுக்க வேண்டி வந்தால் மறுபடி கழற்றுவாள்.

சித்திரை வெயிலில் இரண்டு தடவை மெஷின் தானாக நின்றுபோனது. ஒரு தடவை போர்டு கருகி, நான் வேறு மாற்றிக் கொடுத்தேன். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை.

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். இவள் வீட்டு மெஷின் ஓடுவதே தெரியவில்லை என்ற பேச்சு பரவியது. முதலில் வந்தது எதிர்வீட்டு ஹமீதா பானு. கைக்குழந்தைக்காரி. கம்ப்யூட்டரைப் போட்டாலே பிள்ளை வீறிட்டு எழுந்துகொள்கிறதாம். அவளுக்கு ஒன்று செய்து கொடுத்தாள் ஷம்சாத். பிறகு வரிசையாக வந்தார்கள். நான் மன்னார்குடியில் பாகங்களைப் பொறுக்கி அனுப்புவேன், அவள் அங்கே கட்டுவாள். ஒரு வருஷத்தில் பத்தொன்பது மெஷின். ஒவ்வொன்றையும் முடித்த பிறகு அறையில் ஓடும் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பாள். என் கடையில் கட்டிய மெஷின்களை நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜாஃபரிடம் அந்த வாரம் எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்று கதை சொல்வாளாம். "லாரி மெக்கானிக்கு பொண்டாட்டின்னு சொன்னா நம்புவாங்க, லாரி டிரைவர் பொண்டாட்டின்னா நம்ப மாட்டாங்க" என்று அவர் கிண்டல் செய்வாராம். என்னிடம் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

2003 அக்டோபரில், ஒரு மழை நாளில் கடைக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"எல்லாச் சத்தமும் போயிருச்சுண்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் போகமாட்டேங்குது."

"என்ன சத்தம்?"

"சன்னமா ஒரு விசிலு. நடு நடுவுல கரகரன்னு. முன்னாடி ஃபேன் சத்தத்துல தெரியாம இருந்திருக்கு போல."

"எப்பப் பாத்தாலும் வருதா?"

"இல்ல. அவர்கூடப் பேசும்போதுதான். அதுவும் நான் பேசுறப்ப. அவர் பேசுறப்ப கேக்கல."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மைக் வேலை செய்யும்போது சவுண்ட் கார்டு கரண்ட் இழுக்கும், பவர் சப்ளை மட்டமாக இருந்தால் அந்த இரைச்சல் ஸ்பீக்கரில் விசிலாக வரும். எத்தனையோ மெஷினில் பார்த்திருக்கிறேன். அடித்துச் சொன்னேன். "உன் பவர் சப்ளைதாம்மா."

நான் சொன்னால் அவளுக்கு வேதம்.

பவர் சப்ளையை மாற்றினாள். விசில் போகவில்லை. சவுண்ட் கார்டை வேறு இடத்தில் செருகச் சொன்னேன். செருகினாள். போகவில்லை. வேறு கார்டு கொடுத்தேன். ஸ்பீக்கர் வயரில் அலுமினியத் தாள் சுற்றச் சொன்னேன். வீட்டுக்கு எர்த் சரியில்லை என்றேன், எலக்ட்ரீஷியனை வைத்து முற்றத்தில் புதிதாகக் குழி வெட்டி எர்த் போட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சொல்வாள். "இன்னும் இருக்குண்ணே. கொஞ்சம் கூடுன மாதிரிகூட இருக்கு."

"அவர் என்ன சொல்றார்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உன் மிஷின்லதான் என்னமோ இருக்கு, நல்லாப் பாருன்னாரு."

இப்படி நாலு மாசம் ஓடியது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நானே கூத்தாநல்லூர் போனேன். இந்தச் சனியனை ஒரு கை பார்த்துவிடுவது என்று பை நிறைய சாமான் எடுத்துக்கொண்டு போனேன். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சை பிடித்துக் கிடந்தது. ஷம்சாத் டீ கொடுத்தாள். அஃப்ரீன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாவாடையை மாற்றிக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

மெஷினைப் போட்டாள் ஷம்சாத். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. தெருவில் ஒருவர் செருப்பைத் தேய்த்து நடப்பதுகூடக் கேட்டது. பெட்டியில் காதை வைத்தேன். முதுகில் வைத்தேன். ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன். லேசான இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. சொந்தக் கையால் ஒரு பெண் இவ்வளவு செய்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

நாலேகாலுக்கு ஜாஃபர் லைனில் வந்தார். சலாம் சொன்னார். நான் வந்திருப்பதைக் கேட்டு, "என்ன சார், எம் பொண்டாட்டி உங்க கடைய மூட வச்சிருவா போலிருக்கே" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அங்கே குளிர்காலம், சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

"அத்தாவுக்குப் பாட்டு சொல்லு" என்றாள் ஷம்சாத். அஃப்ரீன் ஸ்கூலில் படித்த பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜாஃபர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது அது வந்தது. சன்னமாக மேலே ஏறி, நின்று, கரகரத்து, கீழே இறங்கியது. மறுபடி ஏறியது.

"இதாண்ணே" என்றாள் ஷம்சாத்.

கரண்ட் இரைச்சல் ஒரே சீராக இருக்கும். இது ஏறி இறங்கியது. என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை. அஃப்ரீன் பாட்டை முடித்துவிட்டாள். அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஷம்சாத் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"மச்சான்."

"சொல்லு."

"கொஞ்சம் மூச்சப் புடிங்க."

"என்னாது?"

"ஒரு நிமிஷம். மூச்சப் புடிச்சு நிறுத்துங்க."

"என்ன வெளயாட்டுடி இது?"

"மச்சான், எனக்காக."

விசில் நின்றது.

அறையில் அப்படி ஓர் அமைதி. அவள் பதினான்கு மாசமாகத் தேடியது அதைத்தான். நாலு விநாடி, ஐந்து விநாடி இருக்கும். பிறகு அந்தப் பக்கம் இருமல் வெடித்தது. நின்று நின்று, விடாமல், உள்ளிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி. அஃப்ரீன் ஸ்டூலிலிருந்து இறங்கி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இருமலுக்கு நடுவில் லைன் அறுந்துபோனது. தானாக அறுந்ததா, அவர் துண்டித்தாரா தெரியாது.

ஷம்சாத் மைக்கை வைத்துவிட்டு, வழக்கம்போல மெஷினை முறையாக நிறுத்தினாள். "டீ ஆறிருச்சு, வேற போடுறேன்" என்று உள்ளே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஓடிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையை மறுநாள் சேக் தாவூது ஷம்சாத்திடம் போனில் சொன்னான். ஸ்டோர் இல்லை, நோட்டு இல்லை. பளிங்குக் கல்லும் கருங்கல்லும் அறுக்கிற பட்டறை. தகரக் கொட்டகைக்குள் நாள் முழுக்க மெஷினில் அறுப்பு. மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மூன்றரை வருஷம். புருவம், கண் இமை எல்லாம் வெள்ளையாகத்தான் ரூமுக்கு வருவார், குளித்துவிட்டுத்தான் பேச உட்காருவார் என்றான். "நான் சொல்றேன் சொல்றேன்னுதான் இருந்தேன். சொன்னா இந்த ரூம விட்டே போயிருவேன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்று அழுதானாம்.

ஷம்சாத் உடனே வரச் சொன்னாள். வீட்டில் ஒரு ரூம் பாதியில் நிற்கிறது, இன்னும் ஒரு வருஷம் என்றார் ஜாஃபர். "நீங்க வர்ற வரைக்கும் நான் அந்த மிஷினப் போடமாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடியே போடாமல் இருந்தாள். மூன்று வெள்ளிக்கிழமை போனது. நாலாவது வெள்ளிக்கிழமை வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, வருகிறேன் என்றார். ஆனால் பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில் இருந்தது. அவன் விடுவதற்கு ஜூன் ஆகிவிட்டது.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு என் நண்பனின் காரில் நாங்கள் போனோம். எண்பது கிலோ லாரி டிரைவராகப் போனவர், வெளியே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். அஃப்ரீனுக்கு அடையாளம் தெரியவில்லை. என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தஞ்சாவூரில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது, கரைக்க மருந்து கிடையாது, இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி என்றார். ஷம்சாத்தும் ஜாஃபரும் வெளியே போன பிறகு நான் தயங்கி நின்றேன்.

"சார், ஒரு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "அந்தத் தூசியில ஒவ்வொரு நாளும் கணக்குதான். எவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தாரோ அவ்வளவு நல்லது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வீட்டில் பதினோரு மாசம் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருப்பார். தூசி ஆகாது என்று ஷம்சாத் வீட்டில் ஈரத்துணியால்தான் துடைப்பாள். அஃப்ரீன் மெல்ல மெல்லப் பக்கத்தில் போனாள். கடைசி மாசங்களில் ஸ்கூல் விட்டு வந்ததும் அவர் காலடியில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சில நாள் போய்ப் பார்ப்பேன். அப்படிப் போயிருந்த ஒரு நாள்தான் ஷம்சாத் அதைக் கேட்டாள். நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியும்தானே மச்சான்? அந்தச் சத்தம் என்னன்னு."

ஜாஃபர் தலையாட்டினார்.

"தெரிஞ்சுக்கிட்டேதானே உன் மிஷினப் பாருன்னு சொன்னீங்க? நாலு மாசம். நான் குழி வெட்டி எர்த் போட்டேன் மச்சான்."

அவர் பேச நேரம் எடுத்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

"நீ... வாரா வாரம் சொல்லுவே. இதக் கழட்டுனேன்... அத மாட்டுனேன்னு. அவ்வளவு சந்தோஷமா. அங்க எனக்கு... அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவள் அவரை அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். கையை ஓங்கிய மாதிரிதான் கொண்டுபோனாள். பிறகு அவர் நெஞ்சின் மேல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

2005 மே மாசம் ஒரு காலை, பஜ்ர் தொழுகைக்கு முகம் கழுவிவிட ஷம்சாத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் போய்விட்டிருந்தார். முப்பத்தாறு வயது. அடக்கத்துக்கு ஊரே வந்தது. சேக் தாவூதும் லீவு போட்டு வந்திருந்தான். கபர்ஸ்தானில் கடைசிவரை நின்றான்.

கணவனை இழந்தவள் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கும் இத்தா, நாலு மாசம் பத்து நாள். அதுவரை நான் அவளைப் பார்க்கவில்லை. முடிந்த பிறகு ஒரு நாள் அவளே கடைக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், என் வாயால்தான் நாலு மாசம் வீணானது என்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மொத நாளே அது என்னன்னு தெரிஞ்சிருந்தா, அவரு இருந்திருப்பாரா?"

கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். தஞ்சாவூர் டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னது என் காதில் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "டாக்டர்கிட்ட அப்பவே கேட்டேன். ஒண்ணும் மாறியிருக்காதுன்னுட்டார்."

நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, நீடாமங்கலத்தில் ஒரு ஸ்கூல் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், என்னால் சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். சொன்னேன். கிடைத்தது. பதினைந்து வருஷம் அங்கே வேலை பார்த்தாள். அஃப்ரீன் படித்து, கல்யாணமாகி, இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஷம்சாத்தும் அங்கேதான். வேறு யாருக்கும் அவள் மெஷின் கட்டிக் கொடுக்கவில்லை. பாதியில் நின்ற அந்த அறையும் பாதியிலேயே நின்றது. ஊரை விட்டுப் போகும்போது அப்படியே விற்றுவிட்டுப் போனாள்.

பெருநாளைக்குப் பெருநாள் போன் செய்வாள். உடம்பு எப்படி, அண்ணி எப்படி என்று விசாரிப்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுக்கிறேன்.